அமெரிக்கப் பணியாளர் தரவுத் திருட்டும் அரசின் சட்டப் பொறுப்பும் (2014–2022)

முன்னுரை

அமெரிக்க நடுவண் அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நடந்த தரவுத் திருட்டு, ஓர் அரசு தன் கையிலிருந்த மக்கள் தரவுகளை இழந்த நிகழ்வுகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்றாகும். அரசு வேலைக்கு விண்ணப்பித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், அவர்களுடைய துணைவர்கள் எனப் பின்புலச் சரிபார்ப்புப் பதிவுகளில் இடம்பெற்றிருந்த 2 கோடியே 15 லட்சம் பேரின் விவரங்கள் இதில் களவு போயின.

திருடியவர் யார் என்ற கேள்வி அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அதைவிடச் சிக்கலான இன்னொரு கேள்வி நீதிமன்றத்தில் ஏழு ஆண்டுகள் நடந்தது. குடிமக்களிடம் கட்டாயமாகக் கேட்டு வாங்கிய தகவலை அரசு காக்கத் தவறினால், அந்த அரசை நீதிமன்றத்தில் நிறுத்த முடியுமா? நிறுத்தினால், இழந்தது என்ன என்று எதைக் காட்டுவது? பணம் காணாமல் போனால் தொகையைச் சொல்லலாம். தகவல் களவு போகும்போது அது உரியவரிடமும் இருக்கிறது, திருடனிடமும் இருக்கிறது. இதை எப்படி அளப்பது என்பதே வழக்கின் மையமாக அமைந்தது. அந்த வழக்கின் வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

86-ஆம் எண் படிவம்

அமெரிக்காவில் அரசு வேலைகளை அரசியல் கட்சிக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் வேரூன்றியிருந்தது. அதைக் கட்டுப்படுத்த 1883-இல் பெண்டில்டன் சட்டம் இயற்றப்பட்டு, குடிமைப் பணி ஆணையம் அமைந்தது. 1978-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் அந்த ஆணையத்தைக் கலைத்தது. அதன் பணிகளில் பெரும்பகுதி 1979-இல் பணியாளர் மேலாண்மை அலுவலகம் என்னும் புதிய அமைப்பிடம் வந்தது. பணி நியமன விதிகள், ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றோடு, இரகசியப் பணிகளுக்கு வருபவர்களின் பின்புலத்தைச் சரிபார்க்கும் பொறுப்பும் காலப்போக்கில் இதனிடம் குவிந்தது.

அந்தச் சரிபார்ப்பின் தொடக்கம் 86-ஆம் எண் படிவம். அது நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் வினாப்பட்டியல். விண்ணப்பதாரர் எங்கெங்கு குடியிருந்தார், எங்கெல்லாம் வேலை பார்த்தார், பெற்றோர், உடன்பிறந்தோர், துணைவர் யார், வெளிநாட்டினர் யாருடன் பழக்கம், கடன் பாக்கி உண்டா, போதைப்பொருள் பயன்படுத்தியது உண்டா, மனநல மருத்துவம் பெற்றது உண்டா, காவல்துறையிடம் பிடிபட்டது உண்டா என அது கேட்கும். பொய் சொன்னால் குற்றம். சொல்ல மறுத்தால் வேலை இல்லை. விரல்ரேகையும் எடுத்துக்கொள்வார்கள்.

ஒருவரை மிரட்டிப் பணியவைக்க எதிரிக்கு எந்தப் பலவீனம் உதவும் என்று கண்டறிவதே இந்த வினாக்களின் நோக்கம். அப்படிப்பட்ட பலவீனங்களின் பட்டியல் இலட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே இடத்தில் சேர்ந்திருந்தது. படிவத்தில் கையெழுத்தே போடாத மனைவி, கணவர், உடன் வசித்தவர் போன்றோரின் விவரங்களும் அதில் இருந்தன.

அரசின் மீது வழக்கு: பழைய சட்டங்கள்

அரசர் தவறு செய்யமாட்டார் என்ற பழைய ஆங்கிலேயக் கருத்திலிருந்து வந்தது இறையாண்மை விலக்குரிமை. அரசு தானாக இசைந்தாலன்றி அதன் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுக்க முடியாது என்பது இதன் சாரம். அமெரிக்கா மன்னராட்சியை விலக்கிய பின்னும் இந்தக் கோட்பாட்டை வைத்துக்கொண்டது. ஆகவே அரசின் மீது வழக்குத் தொடுப்பவர், அதற்கு இடம்கொடுக்கும் சட்டம் ஒன்றை முதலில் காட்ட வேண்டும்.

1946-இல் வந்த நடுவண் அரசுத் தீங்கியல் உரிமைக்கோரல் சட்டம் அத்தகைய கதவுகளில் ஒன்று. அரசு ஊழியரின் கவனக்குறைவால் ஏற்படும் தீங்குக்கு இழப்பீடு கேட்க அது வழி செய்தது. ஆனால் அலுவலர்கள் தங்கள் விருப்புரிமையைப் பயன்படுத்தி எடுக்கும் கொள்கை முடிவுகளுக்கு அது விலக்கு அளித்தது.

தகவல் பற்றிய தனிச் சட்டம் வரக் காரணம் கணினி. 1960-களின் நடுவில், அரசுத் துறைகளின் புள்ளிவிவரங்களை ஒன்றுதிரட்டி ஒரு தேசியத் தரவு மையம் அமைக்கும் திட்டம் பேசப்பட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் கார்னீலியஸ் கல்லகர் நடத்திய விசாரணைகளில் அதற்கு எதிர்ப்பு எழுந்து, திட்டம் கைவிடப்பட்டது. 1973-இல் வில்லிஸ் வேர் தலைமையிலான அரசுக் குழு ஒன்று, கணினிப் பதிவுகளில் குடிமக்களுக்கு இருக்க வேண்டிய உரிமைகளை வகுத்து அறிக்கை அளித்தது. வாட்டர்கேட் ஊழலால் அரசின் மீதிருந்த நம்பிக்கை தளர்ந்திருந்த சூழலில், 1974 டிசம்பர் 31 அன்று குடியரசுத் தலைவர் ஜெரால்ட் ஃபோர்டு தனியுரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

இச்சட்டம் இரண்டு செய்திகளைச் சொன்னது. ஒன்று, பதிவுகளை வைத்திருக்கும் அரசுத் துறை அவற்றைக் காக்கத் தக்க நிர்வாக, தொழில்நுட்ப, புறப் பாதுகாப்புகளைச் செய்ய வேண்டும். இரண்டு, துறை வேண்டுமென்றே அல்லது அறிந்தும் பொருட்படுத்தாமல் சட்டத்தை மீறியிருந்தால், பாதிக்கப்பட்டவர் உண்மையான இழப்புக்கு ஈடு கேட்கலாம். அது குறைந்தது 1,000 டாலராக இருக்கும்.

கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் இந்த வாசகத்தை உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்புகளில் குறுக்கியது. 2004-இல், ஏதேனும் உண்மையான இழப்பை மெய்ப்பித்தவருக்கு மட்டுமே அந்த 1,000 டாலர் கிடைக்கும் என்றது. 2012-இல், உண்மையான இழப்பு என்றால் பண இழப்பு மட்டுமே என்றது. மன உளைச்சல், அவமானம், அச்சம் ஆகியவை கணக்கில் வரவில்லை. ஒரு மனிதரின் எச்.ஐ.வி. நோய் விவரத்தை ஒரு துறை மற்றொரு துறைக்குக் கொடுத்த வழக்கு அது.

இடையில் 2011-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்காகப் பணிபுரிந்த ஒப்பந்தப் பணியாளர்கள், தங்களிடம் பின்புல வினாக்கள் கேட்பது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்று வழக்காடினர். கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பெறும் விடைகள் வெளியே போகாமல் காக்கத் தனியுரிமைச் சட்டம் இருக்கிறது என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. அந்தக் காப்பு எவ்வளவு உறுதியானது என்பது சில ஆண்டுகளிலேயே சோதனைக்கு வந்தது.

2006: ஒரு மடிக்கணினியின் கதை

பெரிய அளவில் தரவை இழந்த அரசுத் துறை மீது இச்சட்டத்தின்படி வழக்குத் தொடுக்கப்பட்ட முன்னோடி நிகழ்வு ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2006 மே மாதம், முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவர் வீட்டுக்கு எடுத்துச்சென்ற மடிக்கணினியும் வன்வட்டும் திருடு போயின. அவற்றில் 2 கோடியே 65 லட்சம் பேரின் பெயர், பிறந்த தேதி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை இருந்தன. செய்தி பொதுமக்களுக்குத் தெரிய ஏறத்தாழ மூன்று வாரம் ஆனது. அடுத்த மாதமே கணினி மீட்கப்பட்டது. தரவை யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்று புலனாய்வுத்துறை கூறியது. ஆயினும் வழக்குத் தொடர்ந்தது. 2009-இல் அரசு 2 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. அங்கே திருடன் சாதாரண வீட்டுத் திருடன். பொருளும் திரும்பி வந்துவிட்டது. அடுத்த முறை அப்படி நடக்கவில்லை.

தணிக்கையாளர்களின் எச்சரிக்கை

ஒவ்வொரு அரசுத் துறையும் தன் கணினிப் பாதுகாப்பை ஆண்டுதோறும் தணிக்கை செய்ய வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் நடுவண் அரசுத் தகவல் பாதுகாப்பு மேலாண்மைச் சட்டம் விதித்தது. பணியாளர் மேலாண்மை அலுவலகத்துக்குள்ளேயே தனித்து இயங்கிய தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் இந்தத் தணிக்கையைச் செய்தது. பாதுகாப்பு நிர்வாகத்தில் கடுமையான குறை இருப்பதாக அது 2007 முதலே எழுதி வந்தது.

2014 நவம்பரில் வெளியான தணிக்கை அறிக்கை மிகவும் வெளிப்படையாகப் பேசியது. அலுவலகத்தில் எத்தனை சர்வர்கள், எத்தனை தரவுத்தளங்கள் உள்ளன என்ற முழுப் பட்டியல்கூட இல்லை. 47 முக்கியக் கணினி அமைப்புகளில் ஒன்றுகூட, கடவுச்சொல்லோடு அரசு வழங்கும் அடையாளச் சில்லு அட்டையையும் சேர்த்துக் கேட்கவில்லை. அந்த ஆண்டு பாதுகாப்பு ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டிய 21 அமைப்புகளில் 11, ஒப்புதல் இல்லாமலே இயங்கின. அவற்றை நிறுத்திவைப்பது பற்றி இயக்குநர் ஆலோசிக்க வேண்டும் என்று தணிக்கையாளர்கள் பரிந்துரைத்தனர்.

இயக்குநர் கேத்தரின் ஆர்ச்சுலெட்டா அவற்றை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஓய்வூதியர்களுக்குப் பணம் போகாது, புதிய பாதுகாப்பு அனுமதிகள் வழங்க முடியாது என்பது அவர் பின்னாளில் நாடாளுமன்றக் குழுவிடம் சொன்ன விளக்கம். நிர்வாகியின் இடத்திலிருந்து பார்த்தால் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அறிக்கை வெளியானபோது திருடர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள்.

திருட்டு நடந்த விதம்

அலுவலகத்தின் வலையமைப்பிலிருந்து தரவு வெளியேறுவதாக 2014 மார்ச் 20 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கணினி அவசரப் பிரிவு எச்சரித்தது. முதலில் நுழைந்தவர்கள் கணினி அமைப்புகளின் கையேடுகளையும் வரைபடங்களையும் எடுத்துச் சென்றிருந்தனர். வீட்டுக்குள் எந்த அறையில் பெட்டி இருக்கிறது என்று காட்டும் படம் போன்றவை அவை. அலுவலகம் அவர்களை உடனே விரட்டவில்லை. சில வாரங்கள் கண்காணித்து, மே 27 அன்று ஒரே வீச்சில் வெளியேற்றியது.

அதற்கு இருபது நாள் முன்னதாகவே, மே 7 அன்று, இன்னொரு வழியாக வேறு ஊடுருவல் நடந்துவிட்டது. பின்புலச் சரிபார்ப்புப் பணியை ஒப்பந்தத்துக்கு எடுத்திருந்த கீபாயின்ட் என்னும் தனியார் நிறுவனத்தின் ஊழியர் கணக்கு ஒன்றின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு உள்ளே வந்தவர்கள், தீநிரல் ஒன்றை நிறுவினர். முதல் திருடனை விரட்டி முடித்ததாக அலுவலகம் நினைத்தபோது, இரண்டாவது திருடன் உள்ளே இருந்தான். 2014 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பின்புலச் சரிபார்ப்புப் பதிவுகளும், டிசம்பரில் பணியாளர் பதிவுகளும், 2015-இன் தொடக்கத்தில் விரல்ரேகைகளும் வெளியேறின.

2015 ஏப்ரல் 15 அன்றுதான் உண்மை தெரிந்தது. அலுவலகத்தின் சொந்தப் பாதுகாப்புத் தளம் போலத் தோன்றும் பெயர் கொண்ட ஓர் இணைய முகவரிக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரி ஸ்டீவ் ராஜர்ஸ் என்பவர் பெயரில் பதிவாகியிருந்தது. அது ‘கேப்டன் அமெரிக்கா’ என்னும் படக்கதை நாயகனின் இயற்பெயர்.

பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை தவணை முறையில் வெளிவந்தது. ஜூன் 4 அன்று சுமார் 40 லட்சம் பணியாளர் பதிவுகள் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலை 9 அன்று, பின்புலச் சரிபார்ப்புப் பதிவுகளில் மட்டும் 2 கோடியே 15 லட்சம் பேர் என்று தெரிந்தது. இவர்களில் 1 கோடியே 97 லட்சம் பேர் விண்ணப்பித்தவர்கள். 18 லட்சம் பேர் விண்ணப்பிக்காதவர்கள், பெரும்பாலும் துணைவர்களும் உடன் வசித்தவர்களும். முதலில் 11 லட்சம் என்று சொல்லப்பட்ட விரல்ரேகைகளின் எண்ணிக்கை செப்டம்பரில் 56 லட்சமாக உயர்ந்தது. கடவுச்சொல்லை மாற்றலாம், வங்கி அட்டையை மாற்றலாம், விரல்ரேகையை மாற்ற முடியாது.

ஜூலை 10 அன்று ஆர்ச்சுலெட்டா பதவி விலகினார். தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் டோனா சீமோர் 2016 பிப்ரவரியில் பணியிலிருந்து விலகினார். தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர், சந்தேகப் பட்டியலில் முதலிடம் சீனாவுக்கே என்று வெளிப்படையாகச் சொன்னார். சீன அரசு அதை மறுத்தது. பாதிக்கப்பட்டோருக்கு அடையாளக் கண்காணிப்புச் சேவை வழங்க, 13 கோடியே 30 லட்சம் டாலர் மதிப்பில் அரசு ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. நாடாளுமன்றம் அச்சேவையைப் பத்து ஆண்டுகளுக்கு நீட்டியது.

பிரதிநிதிகள் அவையின் மேற்பார்வைக் குழு 2016 செப்டம்பரில் வெளியிட்ட விரிவான அறிக்கை, அடிப்படைப் பாதுகாப்பு நடவடிக்கைகளை உரிய காலத்தில் செய்திருந்தால் இத்திருட்டைத் தடுத்திருக்கவோ குறைத்திருக்கவோ முடியும் என்று முடிவுரைத்தது. குழுவின் சிறுபான்மை உறுப்பினர்கள் இதை முழுமையாக ஏற்கவில்லை. ஒப்பந்த நிறுவனங்களின் பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்றனர்.

2017: வாசலிலேயே நின்ற வழக்கு

அரசு ஊழியர் சங்கங்கள் இரண்டு 2015 ஜூன், ஜூலை மாதங்களில் வழக்குத் தொடுத்தன. நாட்டின் பல இடங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளும் சேர்த்து வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி ஏமி பெர்மன் ஜாக்சன் முன் வந்தன. அமெரிக்க அரசு ஊழியர் கூட்டமைப்பும் தனிநபர்களும் தனியுரிமைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இழப்பீடு கேட்டனர். தேசியக் கருவூல ஊழியர் சங்கம் பணம் கேட்கவில்லை. தகவலைக் காப்பது அரசியலமைப்புக் கடமை என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும் என்று கேட்டது.

2017 செப்டம்பர் 19 அன்று நீதிபதி ஜாக்சன் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தார். அரசு தவறு செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை. வாதிகளுக்கு வழக்குத் தொடுக்கும் தகுதியே இல்லை என்றார். அமெரிக்க அரசியலமைப்பின்படி, உண்மையான பாதிப்பைக் காட்டுபவர்தான் நீதிமன்றத்தில் நிற்க முடியும். வருங்காலத்தில் நேரக்கூடிய தீங்கு என்றால், அது உறுதியாக நெருங்கி வருவதாக இருக்க வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கண்காணிப்பு வழக்கில் கூறியிருந்தது. கடைகளின் கணினியில் புகுந்து அட்டை எண்களைத் திருடுபவனின் நோக்கம் பணம் என்பது வெளிப்படை. ஆனால் இங்கே திருடியது அயல்நாட்டு அரசு என்று சொல்லப்படுகிறது. உளவுக்காகத் திருடியவர் சாதாரண ஊழியரின் பெயரில் கடன் வாங்குவார் என்று எப்படி ஊகிப்பது என்று அவர் வினவினார்.

இதில் ஒரு முரண் இருந்தது. திருடன் எவ்வளவு பெரியவனாக இருக்கிறானோ, அவ்வளவுக்குக் காவலனின் பொறுப்பு குறைகிறது. சில்லறைத் திருடனிடம் பறிகொடுத்த துறை பதில் சொல்ல வேண்டும். வல்லரசிடம் பறிகொடுத்த துறை சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிடும்.

2019: மேல்முறையீட்டில் திருப்பம்

கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 ஜூன் 21 அன்று அத்தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. நீதிபதிகள் டேவிட் டேட்டல், பெட்ரீஷியா மில்லட், ஸ்டீபன் வில்லியம்ஸ் ஆகியோர் அமர்வில் இருந்தனர். பெரும்பான்மை முடிவின் முக்கியப் புள்ளிகள் வருமாறு:

1. திருடியவர் உளவாளி என்பதாலேயே அடையாள மோசடி நடக்காது என்று கொள்ள முடியாது. சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, விரல்ரேகை ஆகியவை ஒரே கையில் இருக்கும்போது மோசடிக்கான ஆபத்து ஊகம் அல்ல. வாதிகளில் சிலர் தங்கள் பெயரில் பொய்யான வருமான வரிக் கணக்கு தாக்கலானதையும், புதிய கணக்குகள் திறக்கப்பட்டதையும் ஏற்கெனவே சந்தித்திருந்தனர். ஆகவே வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு.

2. தணிக்கையாளர்கள் ஆண்டுதோறும் எச்சரித்தும் அடிப்படைப் பாதுகாப்பைச் செய்யாமல் விட்டது உண்மையானால், அது வெறும் கவனக்குறைவு அல்ல. அறிந்தே பொருட்படுத்தாமல் விட்டதாகக் கருத இடமுண்டு. தனியுரிமைச் சட்டத்தின்படி அரசு தன் விலக்குரிமையைக் கைவிட்டிருப்பது இத்தகைய மீறலுக்குத்தான்.

3. மோசடியால் பணம் இழந்தவர்களும், மோசடியைத் தடுக்கத் தம் பணத்தைச் செலவிட்டவர்களும் காட்டும் இழப்பு, வழக்கை நடத்தப் போதுமானது.

4. அரசுக்கு வேலை செய்ததால் தனக்கும் அரசின் விலக்குரிமை உண்டு என்ற கீபாயின்ட் நிறுவனத்தின் வாதம் ஏற்கத்தக்கதல்ல.

நீதிபதி வில்லியம்ஸ் ஒரு பகுதியில் மாறுபட்டார். நிகழ்வின் அளவும் தன்மையும் இது உளவுச் செயல் என்பதையே காட்டுகின்றன என்றும், 2 கோடிக்கும் மேற்பட்டோரில் சிலருக்கு மோசடி நேர்ந்திருப்பது இத்திருட்டின் விளைவு என்று சொல்லப் போதாது என்றும் அவர் எழுதினார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எந்த ஆண்டிலும் சிலர் மோசடிக்கு ஆளாவார்கள் என்ற அவருடைய கருத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

கருவூல ஊழியர் சங்கத்தின் கோரிக்கை தோற்றது. அரசே தகவலை வெளியிடக் கூடாது என்பது ஒன்று. பிறர் திருடாமல் அரசு காக்க வேண்டும் என்பது வேறு. இரண்டாவது கடமையை அரசியலமைப்பு விதிக்கிறது என்பதற்கு ஆதாரமில்லை என்றது நீதிமன்றம். அதாவது, குடிமகனுக்கு இருந்த காப்பு 1974-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டுமே. சட்டத்தை நாடாளுமன்றம் மாற்றினால் காப்பும் மாறிவிடும்.

2022: சமரசம்

வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பியது. சாட்சி விசாரணை வரை போகாமல் 2022-இல் சமரச உடன்பாடு ஏற்பட்டது. அரசு 6 கோடி டாலரும், கீபாயின்ட் தரப்பு 30 லட்சம் டாலரும் தர ஒப்புக்கொண்டன. அதே ஆண்டு அக்டோபரில் நீதிபதி ஜாக்சன் உடன்பாட்டுக்கு இறுதி ஒப்புதல் அளித்தார்.

பாதிக்கப்பட்ட ஒருவர் கைப்பணம் இழந்ததையோ செலவிட்டதையோ காட்டினால், குறைந்தது 700 டாலர், அதிகம் 10,000 டாலர் என்பது ஏற்பாடு. எதையும் காட்ட முடியாதவருக்கு எதுவும் இல்லை. மொத்தத் தொகையை 2 கோடியே 15 லட்சம் பேருக்கும் பகிர்ந்தால் தலைக்கு மூன்று டாலர்கூட வராது. உறக்கமின்மை, வெளிநாட்டு உறவினருக்கு என்ன ஆகுமோ என்ற கவலை, பழைய மருத்துவக் குறிப்பு யார் கையில் இருக்கிறதோ என்ற அச்சம் ஆகியவற்றுக்கு விலை இல்லை. 2012-ஆம் ஆண்டின் தீர்ப்பு அந்தக் கதவை முன்பே மூடியிருந்தது.

சமரசம் என்பதால், அரசு சட்டத்தை மீறியது என்ற தீர்ப்பும் எழுதப்படவில்லை. நிர்வாகத்தில் மட்டும் மாற்றங்கள் வந்தன. பின்புலச் சரிபார்ப்புக்காக 2016-இல் தனிப் பணியகம் அமைந்தது. 2019 அக்டோபரில் அந்தப் பணி பாதுகாப்புத் துறையின் கீழுள்ள முகமைக்கு மாறியது.

பல்கேரியா: வேறொரு விடை

இதே கேள்விக்கு ஐரோப்பாவில் வேறு விடை கிடைத்தது. 2019 ஜூலையில் பல்கேரியாவின் தேசிய வருவாய் முகமையின் கணினி அமைப்பு தாக்கப்பட்டு, 60 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகள் இணையத்தில் வெளியாயின. அந்நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ 70 லட்சம்தான். தரவுப் பாதுகாப்பு ஆணையம் அரசு முகமைக்கே 51 லட்சம் லெவ் அபராதம் விதித்தது. நூற்றுக்கணக்கானோர் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தனர்.

அவர்களுள் ஒரு பெண் கேட்டது சுமார் 1,000 லெவ். அவர் பணம் எதையும் இழக்கவில்லை. தன் தரவைக் கொண்டு யாராவது தன்னை மிரட்டவோ தாக்கவோ கூடும் என்ற அச்சமே தன் பாதிப்பு என்றார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டை விசாரித்த பல்கேரிய உயர் நிர்வாக நீதிமன்றம், சட்ட விளக்கம் கேட்டு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2023 டிசம்பர் 14 அன்று வந்த விடை, 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதியை அடிப்படையாகக் கொண்டது. தாக்குதல் நடந்தது என்பதாலேயே பாதுகாப்பு போதவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் போதுமான பாதுகாப்பு இருந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை தரவை வைத்திருப்பவர் மீதே விழும். திருடியவர் வெளியாள் என்பது மட்டுமே தப்பிக்கும் வழியாகாது. தரவு தவறாகப் பயன்படுத்தப்படும் என்ற அச்சமே, அதற்கு நியாயமான அடிப்படை இருப்பதாக நீதிமன்றம் கண்டால், ஈடு கோரத்தக்க பாதிப்பாகலாம்.

இரண்டு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. அமெரிக்காவில் அரசு அறிந்தே தவறியது என்பதைக் குடிமகன் காட்ட வேண்டும். பண இழப்பையும் காட்ட வேண்டும். ஐரோப்பாவில் தான் தவறவில்லை என்பதை அரசு காட்ட வேண்டும். குடிமகனின் நியாயமான அச்சத்துக்கும் இடமுண்டு. பூட்டு எப்படிப்பட்டது, சாவி யாரிடம் இருந்தது என்ற விவரமெல்லாம் துறையின் கோப்புகளில் இருக்கிறது. வெளியே நிற்பவரிடம் இல்லை. அந்த வகையில் மெய்ப்பிக்கும் சுமை யார் மீது என்பது பல வழக்குகளின் முடிவையே தீர்மானிக்கக்கூடியது.

முடிவுரை

பணியாளர் மேலாண்மை அலுவலக வழக்கில் வாதிகளின் கையில் இருந்த வலுவான ஆயுதம், அரசின் சொந்தத் தணிக்கையாளர்கள் எழுதிய அறிக்கைகளே ஆகும். 2007 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட அந்தப் பக்கங்கள் அப்போது எந்தப் பூட்டையும் மாற்றவில்லை. ஆனால் அரசுக்குத் தெரியும் என்பதற்கு அவை சான்றாக நின்றன. அவை இல்லாதிருந்தால், எதிர்பாராத தாக்குதல் என்ற ஒரு சொல்லோடு வழக்கு முடிந்திருக்கக்கூடும்.

தனியாரிடம் தகவல் தர விரும்பாதவர் வேறு கடைக்குப் போகலாம். அரசிடம் அப்படிச் செய்ய முடியாது. வரி, வாக்குரிமை, வேலை, மருத்துவம் எதுவானாலும் கேட்ட விவரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். வாங்குவதில் கட்டாயம் இருக்குமானால், காப்பதிலும் அதே அளவு கடமை இருக்க வேண்டும் என்பதே வாதிகள் முன்வைத்த எளிய நியாயம். அமெரிக்க நீதிமன்றம் அதைப் பாதி அளவில் ஏற்றது. மறுபாதி இன்னும் சட்டத்தில் எழுதப்படாமலே இருக்கிறது. 56 லட்சம் பேரின் விரல்ரேகைகள் திருடியவர்களின் கையில் இன்றும் அப்படியே பயன்படும்.